குஞ்சம்மாளின் மூன்று சூட்டுப்படங்கள்

குஞ்சம்மாள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் எப்படி இறந்தார் என்பதை அவருடைய மகள் கண்மணியிடம் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு அந்த மெஷின் எப்படி வேலை செய்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் பொன்னுவேல். பழனி அடிவாரத்தில் ஒரு ரேடியோ, மைக்செட் ரிப்பேர் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு 1976இல் மலையேறினேன். நாற்பது படுக்கை கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. மூன்று வருடம் கழித்து, வெளிநாட்டுச் சபை ஒன்று எங்களுக்கு ஒரு வெப்பப் பட மெஷினை அனுப்பி வைத்தது. பெட்டியைப் பிரித்து, கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, பத்து நாளில் அதை ஓட வைத்தேன். என் வாழ்க்கையில் அந்தப் பத்து நாளைப் போல வேறு நாட்கள் இருந்ததில்லை.

சூடாக இருக்கிற எந்தப் பொருளும் ஒளி விடும். பட்டறையில் காய்ச்சிய இரும்பு சிவப்பாகத் தெரிவது அதனால்தான். மனித உடம்பும் ஒளி விடுகிறது. ஆனால் உடம்புச் சூடு இரும்புச் சூட்டை விட மிகக் குறைவு என்பதால் அந்த ஒளி சிவப்புக்கும் கீழே போய்விடுகிறது. அகச்சிவப்பு என்று அதற்குப் பெயர். விளக்கில்லாத அறையில் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அதைப் பார்க்க நமக்குக் கண் இல்லை. அந்த மெஷினுக்கு இருந்தது.

உள்ளே ஒரு கண்ணாடி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஆடி ஆடி, எதிரே இருக்கிற உடம்பை மேலிருந்து கீழாக, நாம் புத்தகம் வாசிப்பது போல வரி வரியாக வாசிக்கும். வாசித்த ஒளியைக் கடுகளவு இருக்கும் ஒரு படிகத்தின் மேல் போடும். படிகம் அதை மின்சாரமாக்கும். அந்த மின்சாரம் சின்ன டி.வி. பெட்டி போன்ற ஒரு திரையில் கறுப்பு வெள்ளைப் படமாக வரும். சூடான இடம் வெள்ளை, குளிர்ந்த இடம் கறுப்பு. மூக்கு நுனி எப்போதும் கறுப்பு, அக்குள் எப்போதும் வெள்ளை. ஒரு டிகிரியை ஐந்தாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு வித்தியாசம் கூட அதில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். படிகத்துக்கும் சூடு இருக்கிறதே, அதுவும் ஒளிருமே? பெட்ரோமாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மின்மினியைத் தேட முடியாது. அதனால் படிகத்தை மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் தேவை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது கால்நடைத் துறையிடம் மட்டும்தான் இருந்தது. சீமைக் காளையின் விந்தை உறைய வைத்துப் பாதுகாக்க அவர்கள் வைத்திருந்தார்கள். வாரம் ஒரு முறை திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸில் பால்கேன் போன்ற ஒரு பெரிய பாத்திரத்தில் அது வரும். மூடியை இறுக்கினால் வெடித்துவிடும். அதனால் வழியெல்லாம் வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டே மலையேறும். கண்டக்டர் சேனாதிபதி இறங்கும்போதே கூப்பிடுவார்.

"ஏலே பொன்னுவேலு, ஒங்காளை வந்திருச்சு. வெரசா ஓட்டிட்டுப் போ. வத்தலக்குண்டுல இருந்து பெருமூச்சு விட்டுக்கிட்டே வருது."

கேனின் இன்னொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரி வரை நடந்து வருபவர்தான் குஞ்சம்மாள். மெஷின் அறைக்கு ஆயா. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரைக் குஞ்சக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லயம் என்கிற கூலிக் குடியிருப்பில் வளர்ந்து, பெரட்டு என்கிற காலை ஆளெடுப்புக்குப் போய்க் கொழுந்து கிள்ளியவர். 1974இல் புருஷனோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்து இறங்கினார். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டாம் வருடம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் கண்மணி இலங்கையிலேயே கல்யாணம் ஆகி, புருஷனுக்கு இந்தியக் குடியுரிமைக் காகிதம் வராததால் அக்கரையில் நின்றுபோனாள். குஞ்சம்மாளின் தங்கை குடும்பம் பின்னால் வந்தபோது மண்டபத்துக்குப் போய் நிற்க ஆளில்லை. அவர்களை ஆந்திரப் பக்கம் ஏதோ ஒரு நூல் மில்லுக்கு ஒதுக்கி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு கடுதாசி கூட இல்லை. மகள் வரும்போது தானே நேரில் போய், இங்கே வேலையும் இருக்க இடமும் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி கொடுக்கும் கடிதத்தைக் காட்டி அழைத்து வந்துவிட வேண்டும். குஞ்சம்மாள் இதைத் தவிர வேறு எதற்காகவும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மெஷினை நாங்கள் எதற்குப் பயன்படுத்தினோம் என்று சொல்லவில்லை. பெண்களுக்கு மார்பில் வரும் புற்றுநோயைக் கண்டுபிடிக்க. கட்டி வளர்கிற இடம் இரத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும். இரத்தம் கூடுதலாக ஓடினால் மேலே தோலும் சூடாகும். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகம். அப்படித் தெரிந்தவர்களை மட்டும் டாக்டர் சுந்தராம்பாள் கையால் தொட்டுப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அன்றே மதுரைக்கு அனுப்புவார். முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களைப் பூம்பாறையில் இருந்தும் பெரும்பாறையில் இருந்தும் பஸ் பஸ்ஸாக வரவழைத்தோம். மெஷின் ஒரு சல்லடை மாதிரி. சல்லடையில் நிற்பதை மட்டும் டாக்டர் பார்ப்பார். இந்த ஏற்பாட்டை அப்போது நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

படம் எடுப்பதற்கு முன் மேல்சட்டை இல்லாமல் பதினைந்து நிமிடம் குளிர்ந்த அறையில் உட்கார வேண்டும். துணியின் கதகதப்பு போய், உடம்பு தன் சொந்தச் சூட்டுக்கு வரவேண்டும் அல்லவா? கீழே சமவெளியில் ஏ.சி. வைத்துச் செய்ய வேண்டியதை இங்கே வெயிலும் காற்றும் வராமல் ஜன்னலைச் சாத்தி வைத்தாலே போதும். வெளிநாட்டுச் சபை கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். அறைக்கு நடுவே கனத்த திரைச்சீலை. அந்தப் பக்கம் பெண்களும் குஞ்சம்மாளும். இந்தப் பக்கம் நான். சீலையில் வெட்டிய ஓட்டை வழியாக மெஷினின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் யாரையும் பார்த்ததில்லை, படத்தைத்தான் பார்த்தேன்.

எங்களுக்குப் பெரிய தொல்லை தைலம். கொடைக்கானலில் தைலம் தேய்க்காத உடம்பு உண்டா? தேய்த்த இடத்தில் தோலுக்கு இரத்தம் ஏறிவிடும், படத்தில் வெள்ளையாக விழும், நல்ல உடம்பையும் நோயாளி ஆக்கிவிடும். தைலம் தேய்த்து வந்தால் ஒரு வாரம் கழித்து வரச்சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். வாசலிலேயே மோந்து பார்த்துத் திருப்புவது குஞ்சம்மாளின் வேலை. பூம்பாறைப் பெண்களிடம், பூண்டு நாத்தத்தோட வாங்க, பரவாயில்லை, தைல வாசத்தோட மட்டும் வராதீங்க என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். சூட்டுப்படம் என்ற பெயர் கூட அந்தப் பெண்கள் வைத்ததுதான்.

அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்கு வேறு சோலி கிடையாது. சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். கண்ணாடி எப்படி ஆடுகிறது, படிகம் ஏன் குளிர வேண்டும், ஈரத் துணியால் துடைத்தால் தோல் எவ்வளவு நேரம் கறுப்பாகத் தெரியும் என்று எல்லாம் சொல்வேன். குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் கேட்டார்களோ என்னவோ, குஞ்சம்மாள் கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேடி நான் புத்தகத்தைப் புரட்டியதுண்டு. ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, மொதல்ல கட்டியா, மொதல்ல சூடா?"

"சூடுதாங்க்கா மொதல்ல வரும். கட்டி கையில தட்டுப்படுறதுக்கு மின்னாடியே வந்துரும். அதும் ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, வருசக் கணக்குல மின்னாடி வரும். அதாங்க்கா இந்த மெஷினோட பெருமையே."

அப்படின்னா நெறைய காலம் இருக்கும் என்றார். இருக்கும் என்றேன்.

1980 ஐப்பசியில் கண்மணியிடம் இருந்து கடுதாசி வந்தது. புருஷனுக்குக் காகிதம் கிடைத்துவிட்டது. மழைக்காலம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் தை மாதத்தில் வரலாம். நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். டாக்டரம்மா சலவைக் கொட்டகையில் கண்மணிக்கு வேலை தருவதாகச் சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம், ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லோருக்கும் ஒரு முறை படம் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நர்சுகள், சமையல்காரம்மா எல்லோரும் முடித்த பிறகு கடைசியாகக் குஞ்சம்மாள் வந்து உட்கார்ந்தார். திரையில் படம் வந்தது. இடது மார்பின் மேல், அக்குளை ஒட்டி, எலுமிச்சை அளவில் வெள்ளை. அதே நேரம் தைல வாசம் சீலையைத் தாண்டி வந்தது.

"கேனத் தூக்குனதுல மாருல பிடிச்சுக்கிருச்சு தம்பி. காலையில தைலம் போட்டேன். போட்டத மறந்தே போயிட்டேன்."

எனக்குப் போன உயிர் வந்தது. ஊருக்கெல்லாம் மோப்பம் பிடிக்கிற மூக்கு சொந்த உடம்பை மறந்துவிட்டதே என்று கேலி செய்தேன். நோட்டில் 'தைலம், மறுபடி எடுக்க' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் இரண்டாவது படம். இடமும் வலமும் ஒரே அச்சு. ஒரு திட்டு இல்லை, ஒரு நிழல் கூடுதல் இல்லை. நூற்றுக்கணக்கான படம் எடுத்ததில் அவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குக் காட்ட அதைச் சுவரில் ஒட்டி வைத்தேன். யாருடைய உடம்பும் இரண்டு பக்கமும் அப்படி ஒன்றாக இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான படம் எடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஒட்டினேன்.

தை வந்தது, கப்பல் வரவில்லை. ஏதோ ஒரு முத்திரை விழவில்லையாம். சித்திரையில் வரலாம் என்று அடுத்த கடுதாசி. சித்திரையில் கண்மணிக்குப் பிரசவம், பச்சைக் குழந்தையோடு கப்பலேற விடமாட்டார்கள். ஆடியில் வரலாம், ஆவணியில் வரலாம். குஞ்சம்மாள் ஒவ்வொரு கடுதாசியையும் என்னிடம் கொண்டுவந்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார். கேனை இடக்கையால் தூக்குவதை விட்டு வலக்கைக்கு மாற்றிக்கொண்டதை நான் கவனித்தேன். வயசாகிறது என்று நினைத்தேன்.

ஆவணிக் கடைசியில் தந்தி வந்தது. நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு மண்டபம் போனார். ஐந்தாம் நாள் மத்தியானப் பஸ்ஸில் மகளும் மருமகனும் ஐந்து மாதப் பெண் குழந்தையும் இரண்டு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினார். சேனாதிபதி பஸ்ஸை நிறுத்தி வைத்து, தானே மேலே ஏறிப் பெட்டிகளை இறக்கினார். குழந்தையைக் கம்பளியில் சுற்றி வலது தோளில் போட்டுக்கொண்டு குஞ்சம்மாள் முன்னால் நடந்தார். கண்மணி பின்னாலேயே, மலையையும் மூடுபனியையும் பார்த்துக்கொண்டு, எங்க தோட்டம் மாதிரியே இருக்கும்மா என்று சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் வெள்ளனே நான் அறைக்கு வந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. படிகத்துக்கு நைட்ரஜன் ஊற்றி வைத்திருந்தது. சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"தம்பி, இன்னைக்கு ஆளு நான்தான். பதினஞ்சு நிமிசம் ஆயிருச்சு. தைலம் இல்ல, தண்ணி இல்ல. எடுங்க."

தண்ணி என்ற சொல் எனக்குப் புரியவில்லை. திரையைப் போட்டேன்.

இடது பக்கம் முழுவதும் வெள்ளை. வெள்ளையில் இருந்து வேர் மாதிரிக் கோடுகள் கழுத்துப் பக்கமும் அக்குள் பக்கமும் ஓடின. இரத்தக் குழாய்கள். அவ்வளவு பெரிய சூட்டை அந்த மெஷினில் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

"எத்தன நாளாக்கா?"

"போன ஐப்பசியில பாத்தேன். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. டி.வி.ய எம் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு சும்மா நின்னு பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. தடவிப் பாத்தேன், ஒண்ணும் தட்டுப்படல. சூடு மட்டுந்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒளித்துவைக்கிற குரல் இல்லை, பாடம் ஒப்பிக்கிற குரல். முதல் படத்துக்கு வேண்டுமென்றே தைலம் தேய்த்து வந்தார். தைலம் தேய்த்தால் நான் சூட்டை நம்பமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவதற்குத் தொட்டித் தண்ணீரில் துணியை நனைத்து, இடது பக்கம் கூடுதலாகக் குளிரட்டும் என்று நான்காக மடித்தும், வலது பக்கம் ஒற்றையாகவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரம் இருந்தால் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் சொல்லியிருந்ததால் நன்றாகத் துடைத்தார். துணியின் ஓரம் கோடாகத் தெரியாமல் இருக்க உள்ளங்கையால் நீவிவிட்டார். மற்ற பெண்களைக் கண்காணிக்கச் சீலைக்கு அந்தப் பக்கம் குஞ்சம்மாள் இருந்தார். குஞ்சம்மாளைக் கண்காணிக்க யாரும் இல்லை.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே மதுரைக்கு அனுப்பிருவீங்க. நான் அங்க கெடக்கிறப்ப கப்பலு வந்துட்டா, மண்டபத்துல போயி ஆரு நிப்பா?"

நான் திரையை அணைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"கடுதாசியில எல்லாம் வரலாம், வரலாம்னுதான் போட்டிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் வரும்னு சொன்னீங்க தம்பி. சூடு மொதல்ல வரும், கட்டி வருசக் கணக்கா கழிச்சுத்தான் வரும்னு. அத நம்பித்தான் பொறுத்துக்கிட்டு இருந்தேன். பத்து மாசந்தானே ஆச்சு. இப்ப என்னா வேணாலும் செய்யச் சொல்லுங்க, நான் போறேன். காலம் இருக்குதானே?"

குற்றம் சொல்லவே இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

ஆங்கிலப் புத்தகம் மேஜையிலேயே இருந்தது. அந்த வரி எந்தப் பக்கம் என்று எனக்கு மனப்பாடம். சில பேருக்குச் சூடு முன்னால் வரலாம் என்று அதில் இருந்தது. தமிழில் அந்த 'லாம்' ஒரே ஓர் எழுத்துக் கூட்டம். அதை நான் விட்டுவிட்டேன். விட்டுச் சொன்னால் கேட்க நன்றாக இருந்தது. கட்டி வந்தும் சூடே வராதவர்கள் உண்டு, சூடு தெரியும்போதே கட்டி உள்ளே ஆழத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதும் உண்டு. அடுத்த பக்கத்தில் அதெல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

டாக்டரம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன்.

"தம்பி. கண்மணிக்கு மட்டும் தெரிய வேண்டாம். தனக்காகத்தான் அம்மா பொத்தி வச்சுச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள ஒடஞ்சு போயிரும். அங்க இருந்து இவ்ளோ தூரம் வந்ததே வேண்டாம்னு ஆயிரும்."

சரி என்றேன்.

டாக்டர் சுந்தராம்பாள் சீலைக்குப் பின்னால் போனார். அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, நெல்லிக்காய் மாதிரி இருக்கு, அக்குளிலேயும் இருக்கு என்றார். ஒரு வருடத்துக்கு முன்னால் தன் கை ஒரு நிமிடம் பட்டிருந்தால் போதும் என்றார். சல்லடையை நம்பித் தொடாமல் விட்டதற்கு அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்த 'வரும்' என்ற சொல்லையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து, 'மெஷினில் தவறியது' என்று எழுதி மூடினார். குஞ்சம்மாள் கேட்டுக்கொண்டது அவருக்கும் தெரிந்திருந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். மார்கழியில் திரும்பி வந்தார். முடியெல்லாம் கொட்டி, பாதி உடம்பாக இருந்தார். சலவைக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கண்மணி துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு குழந்தையை மடியில் வைத்திருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் கூப்பிட்டு வைத்துப் பேசுவார். மதுரை ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கும் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். மாசியில் ஒரு காலை, குழந்தை மடியில் இருக்கும்போதே தலை சாய்ந்தது. கண்மணிதான் முதலில் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கண்மணி மெஷின் அறைக்கு வந்தாள். புது ஆயாவை வெளியே போகச் சொல்லிவிட்டு நின்றாள். போன வருடமே அம்மாவுக்கு இங்கே படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்று சமையல்காரம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் படம் எடுக்கிறப்ப நோவு இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"இருந்திருக்கும்மா."

"அப்ப ஏங்க தெரியல?"

"மெஷின் காட்டல."

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அம்மாவைப் போலவே கேட்டாள், எப்படிக் காட்டாமல் போகும் என்று. அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்த மெஷினின் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். அது அந்த இரண்டு தடவையும் தவறவில்லை என்பதும் தெரியும். முதல் தடவை சூட்டைச் சூடு என்றது. இரண்டாவது தடவை குளிர்ந்த தோலைக் குளிர் என்றது. தன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. நான் கண்மணியை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடி கொஞ்சம் கோணினால் ஒரு பக்கத்தைச் சரியாக வாசிக்காது என்றும், கேனில் நைட்ரஜன் குறைந்தால் படிகத்துக்குப் பார்வை மங்கும் என்றும், அன்றைக்கு இரண்டும் நடந்திருக்கிறது என்றும், வரிசையாக, பொறுமையாக விளக்கினேன். அவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"இப்பிடி ஒரு மெசினுக்கு முன்னாடி எங்கம்மா பொம்பளைங்களக் கூட்டியாந்து நிறுத்திச்சுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனாள்.

அவள் அதோடு விடவில்லை. ரேஷன் கடையில் சொன்னாள், பஸ் ஸ்டாண்டில் சொன்னாள், பூம்பாறையில் இருந்து வரும் பெண்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். சூட்டுப்படம் பொய்ப்படம் என்றாள். சேனாதிபதி கேனை இறக்கும்போது காளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சித்திரை வருவதற்குள் படம் எடுக்க ஆள் வருவது முற்றிலும் நின்றுவிட்டது. டாக்டரம்மா ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கையால் பரிசோதிக்கத் தொடங்கினார், அதில் இரண்டு பேருக்கு நேரத்தோடு தெரிந்து பிழைத்தார்கள். மெஷினை நானே பிரித்து, வந்த பெட்டியிலேயே அடுக்கி, ஆணி அடித்தேன். சுவரில் இருந்த இரண்டாவது படத்தையும் உள்ளே வைத்து அடித்துவிட்டேன்.

நான் எக்ஸ்ரேவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். கண்மணி இன்னும் சலவைக் கொட்டகையில்தான் இருக்கிறாள். வராந்தாவில் எதிரே வந்தால் துணி மூட்டையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றி முகத்தை மறைத்துக்கொண்டு போவாள்.

போன மாதம் அவளுடைய மகள் கொய்யா மரத்தில் இருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஐந்து வயதுப் பெண் அழவில்லை. எக்ஸ்ரே மெஷினையே பார்த்துக்கொண்டு, இது எப்படி உள்ளே இருக்கிற எலும்பைப் பார்க்கும் என்று என்னிடம் கேட்டது. கையை நீட்டு கண்ணு என்று மட்டும் சொன்னேன்.

ஃபிலிமைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. கண்மணியிடம் காட்டி, பயப்பட ஒன்றும் இல்லை, மாவுக்கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும் என்றேன்.

"இதாவது சரியாக் காட்டுதுங்களா?" என்றாள்.

ஈரம் காயாத ஃபிலிமை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். மறு கையால் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மா அறைப் பக்கம் நடந்தாள்.